‘இதை விட்டா வேற வேலை கிடைக்குமா?’ - வயிற்றைக் கலக்கும் கேள்வி!

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் நூம்பலில் என் வைத்தியசாலையில் கூட்டம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். லீவு நாள் என்பது ஒரு காரணம். விடிந்தால் திங்கட்கிழமை என்பது இன்னொரு காரணம்!

அப்படி ஒரு ஞாயிறு அன்று அந்தத் தம்பதி வந்தார்கள். கணவருக்கு நாற்பத்து நாலு வயசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பதினாறு வருஷமாக மெஷின் ஆபரேட்டர். பர்மனென்ட் வேலை. உட்கார்ந்ததும் மனைவிதான் ஆரம்பித்தார்.

“சார், இவருக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா போதும், வயிறு பிடிச்சுக்குது. நெஞ்சு எரியுதுங்கறாரு. ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்கறாரு. புதன், வியாழன் கொஞ்சம் பரவாயில்லை. மறுபடி ஞாயிறு வந்தா அதே கதை.”

“எண்டோஸ்கோப்பியும் பண்ணியாச்சு சார். புண்ணு கிண்ணு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க” என்று அவர் ஃபைலை நீட்டினார்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். சித்த மருத்துவத்தில் இதைக் குன்மம் என்போம். அதில் எட்டு வகை உண்டு. உடம்போடு மனசையும் சேர்த்துக் குன்ற வைக்கிற நோய் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்வார். அன்றைக்கு அதைப் பரீட்சைக்காகத்தான் மனப்பாடம் செய்தேன். அர்த்தம் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

“வேலை ரொம்ப ஜாஸ்தியா தம்பி?”

“இல்ல சார். பழகின வேலைதான்.”

“மேல இருக்கறவங்க திட்டறாங்களா?”

“அப்படியும் சொல்ல முடியாது...” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “ஆர்டர் குறைஞ்சிருக்கு சார். புது மெஷின் ரெண்டு வருதாம். ஆளைக் குறைப்பாங்கன்னு பேசிக்கறாங்க.”

“சரி, அப்படியே போயிடுச்சுன்னு வெச்சுக்குவோம். வேற இடத்துல பாத்துக்க மாட்டீங்களா?”

“நாப்பத்து நாலு வயசாச்சு சார். என்னை யாரு எடுப்பாங்க?”

இதைச் சொல்லும்போது அவர் கை தானாக மேல்வயிற்றுக்குப் போனது. அதை அவர் கவனிக்கவில்லை. அவர் மனைவி கவனித்தார்.

அதே வாரத்தில் இன்னொரு ஆள் வந்தார். இருபத்தொன்பது வயசு, ஆர்கன் வெல்டர். கான்ட்ராக்ட் வேலை. இன்றைக்கு ஒரு கம்பெனி, ஆறு மாசம் கழித்து வேறு கம்பெனி. இடுப்பு வலிக்கு எண்ணெய் கேட்டு வந்தவர். பசி எப்படி, தூக்கம் எப்படி என்று வழக்கம்போல் கேட்டேன். “படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது சார்” என்றார். நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். “சொன்னா சொல்லட்டும் சார். நாலு இடத்துல கூப்பிடறாங்க” என்று சிரித்தார்.

பாருங்கள்! வேலை உத்தரவாதம் உள்ளவருக்குத் தூக்கம் இல்லை. உத்தரவாதமே இல்லாதவர் நிம்மதியாகத் தூங்குகிறார். வயசு வித்தியாசமும் குடும்பப் பாரமும் காரணம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது.

வேலைக்குப் போகிறவர் மனசில் இரண்டு கேள்விகள் உண்டு. ‘இந்த வேலை நிலைக்குமா?’ என்பது ஒன்று. ‘இது போனால் எனக்கு வேறு கிடைக்குமா?’ என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் முதலாளி கையில், மார்க்கெட் கையில். இரண்டாவது கேள்விக்கு ‘கிடைக்கும்’ என்று மனசு பதில் சொல்லிவிட்டால், முதல் கேள்வி அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. ‘கிடைக்காது’ என்று சொல்லிவிட்டால், பர்மனென்ட் ஆர்டர் பீரோவில் பத்திரமாக இருந்தாலும் வயிறு கலங்கும்.

இது நான் வைத்தியசாலையில் உட்கார்ந்து கற்பித்த கதை இல்லை. வெளிநாடுகளில் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் தொழிலாளர்களைக் கேட்டு 2008-ல் வெளியான ஆய்வில், வேறு வேலை கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு வேலை பற்றிய பயம் குறைவாக இருந்தது. பயம் குறைந்தவர்களுக்கு வேலையில் ஈடுபாடும் வாழ்க்கையில் திருப்தியும் கூடுதலாக இருந்தன. ‘உடம்பு நன்றாக இருக்கிறவனுக்குத் தைரியமும் இருக்கும்தானே, இதில் எது முந்தி?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஸ்வீடனில் 2007-ல் வந்த ஆய்வு இதற்காகவே அதே ஆட்களை ஒரு வருஷம் கழித்து மறுபடி விசாரித்தது. முந்தைய உடல்நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், நம்பிக்கை இருந்தவர்களின் மனநலம் மேலாக இருந்தது.

இங்கிலாந்தில் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் 1985 முதல் தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். நடுவில் ஒரு துறையைத் தனியாருக்குக் கொடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் துறை அது. யாருக்கும் இன்னும் வேலை போகவில்லை. ஆனாலும் அந்தத் துறைக்காரர்கள் மட்டும் தங்கள் உடல்நிலை மோசமாகிவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1995-ல் இதை வெளியிட்டார்கள். வரப்போகிற அடி வருவதற்கு முன்பே உடம்பு அதை வாங்கிக்கொள்கிறது!

நம் பக்கத்திலேயே இதைப் போன்ற நிலைமை வந்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலை என்றால் விஜயந்தா, அர்ஜுன் என்று ஊரே பெருமையாகப் பேசும். அங்கே மாப்பிள்ளைக்கு வேலை என்றால் பெண் வீட்டார் மறுபேச்சு பேச மாட்டார்கள். 2021 அக்டோபர் 1-ம் தேதி நாட்டின் 41 பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளையும் 7 அரசு நிறுவனங்களாக மாற்றினார்கள். அதில் ஒன்றின் தலைமையகம் ஆவடியிலேயே இருக்கிறது. ஊழியர்களை அரசுப் பணியாளர்களாகவே வைத்து, புது நிறுவனத்துக்கு டெபுடேஷன் என்றார்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனாலும் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. டீக்கடையில், ரயிலில், கல்யாண வீட்டில் எங்கே பார்த்தாலும் ‘இனிமே என்ன ஆகுமோ’ என்பதுதான் பேச்சு. இரும்புக் கவசத்தில் வெல்டிங் வைத்துத் தேர்ந்த கைக்கு வெளியே மதிப்பு இல்லாமலா போய்விடும்? ஆனால் வேலையில் சேர்ந்த நாள் முதல் வெளியே எட்டிப் பார்க்கத் தேவையே இல்லாமல் இருந்தவருக்கு, அந்த மதிப்பு தெரிவதற்கு வழியில்லை.

அடக்கக் கூடாத பதினான்கு

இந்தப் பயம் எந்த வழியாக உடம்புக்குள் இறங்குகிறது? பதற்றத்தில் உடம்பு சில சுரப்புகளைக் கூட்டிவிடும், அது நீடித்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும் என்று ஆங்கில மருத்துவம் சொல்லும். சரிதான். சித்த மருத்துவம் கூடவே இன்னொரு வழியையும் காட்டுகிறது. ‘பதினான்கு வேகங்கள்’ என்று ஒரு கணக்கு உண்டு. அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, சுவாசம். இவை தானாக வரும்போது அடக்கக் கூடாது. அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் உண்டு. கண்ணீரைக்கூட இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள்.

திருவேற்காட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். முப்பத்தெட்டு வயசு. பூந்தமல்லியில் கம்பெனி பஸ் ஏறி தினமும் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறவர். லைன் வேலை. மூன்று மாசத்தில் நாலு தடவை நீர்க்கடுப்பு. ஒவ்வொரு தடவையும் மாத்திரை, கொஞ்ச நாள் நிம்மதி, மறுபடி எரிச்சல்.

“தண்ணி நிறைய குடிக்கறீங்களாம்மா?”

“குடிச்சா போகணுமே சார்.”

“போக வேண்டியதுதானே?”

“லைனை விட்டு எழுந்தா பெல்ட் நின்னுடும். லைன் லீடரைக் கேட்டுட்டுத்தான் போகணும். அடிக்கடி கேட்டா பேரைக் குறிச்சுப்பாங்க சார். எனக்கு இதை விட்டா என்ன தெரியும்? பன்னெண்டாவதுதான் படிச்சிருக்கேன்.”

பார்த்தீர்களா, அந்தக் கடைசி வாக்கியத்தை! நான் எழுதிக் கொடுக்கிற நெருஞ்சில் கஷாயம் அந்த வாக்கியத்துக்கு என்ன செய்யும்? வேறு வேலை கிடைக்கும் என்று நினைக்கிறவள், ‘ஒரு நிமிஷம் சார்’ என்று எழுந்து போய்விட்டு வருவாள். கிடைக்காது என்று நினைக்கிறவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சிறுநீரை அடக்குவாள், தாகத்தை அடக்குவாள், சூப்பர்வைசர் ஏதாவது சொல்லிவிட்டால் கண்ணீரையும் அடக்குவாள். பதினான்கில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அவருக்கு மருந்தோடு ஒரு யோசனை சொன்னேன். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள் என்று. ஆறு பேராகப் போனார்களாம். இப்போது ஒருவர் மாற்றி ஒருவர் பத்து நிமிஷம் இடம் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள். நீர்க்கடுப்பு அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தது.

பழியை யார் மேல் போடுவது?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ‘எல்லாம் மனசுதான், நம்பிக்கை வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று தன்னம்பிக்கைப் புத்தகக்காரர்கள் மாதிரி நான் சொல்லப் போவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை நினைவிருக்கும். 2006-ல் ஆரம்பித்து, நன்றாக ஓடிய நாளில் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வேலை பார்த்த இடம். 2014-ல் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. டிசம்பரில் அதே பகுதியில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையும் நின்றது. ஒரே வேலை தெரிந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஒரே ரோட்டில் வேலை தேடினால், அதில் ஒரு பெண் ‘எனக்குக் கிடைக்காது’ என்று நினைப்பது பலவீனமா? அது கணக்கு. சில வருஷங்களில் அந்தப் பக்கம் மறுபடி போன் வேலைகள் வந்தன. நோக்கியா இருந்த இடத்திலேயே சார்ஜர் தயாரிக்கும் கம்பெனி வந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பெண்களுக்கு வயசு கூடிவிட்டது. லைன் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எந்த வயசைக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் 1930 வாக்கில் பஞ்சாலை மூடி ஊரே வேலை இழந்தது. அங்கே போய்த் தங்கி ஆராய்ந்தவர்கள், ஆண்கள் ரோட்டில் நடக்கிற வேகம்கூடக் குறைந்துவிட்டதைப் பார்த்தார்கள். நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டது. ஆகவே வேலையே இல்லாத ஊரில் நம்பிக்கையை மட்டும் மருந்தாகக் கொடுக்க முடியாது. நான் சொல்வது, வழி இருந்தும் அது கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு நாள் லீவு

முதலில் வந்த தம்பதிக்கு வருவோம். வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன். அதோடு ஒரு வேலையும் கொடுத்தேன். “உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. அடுத்த வாரம் பார்க்கணும்.”

அடுத்த வாரம் வந்தபோது நோட்டில் ஒரே ஒரு வரி. ‘மெஷின் ஆபரேட்டர், 16 வருடம்.’

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏங்க, புதுசா வர்ற பசங்களுக்கு நீங்கதானே சொல்லிக் குடுக்கறீங்க? வடநாட்டுப் பசங்ககிட்ட இந்தி பேசறீங்க. அன்னிக்கு மெஷின் நின்னப்ப ராத்திரி பத்து மணிக்கு உங்களைத்தானே கூப்பிட்டாங்க?” என்று ஆரம்பித்தார். நான் பேனாவை அந்த அம்மா கையில் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் பதினொரு வரி ஆயிற்று. டிராயிங் படிப்பார். மூன்று வகை சி.என்.சி. மெஷினுக்கு செட்டிங் போடுவார். மைக்ரோமீட்டரில் அளந்து ரிப்போர்ட் எழுதுவார். தனக்குத் தெரிந்தது தெரியும் என்பதே அவருக்குத் தெரியவில்லை! பதினாறு வருஷம் ஒரே ஷெட்டுக்குள் இருந்தால் அப்படித்தான் ஆகும். அங்கே எல்லாருக்கும் அதே வேலை தெரியும். அதனால் அது பெரிய விஷயமாகத் தெரியாது.

பிறகு சொன்னேன், “ஒரு நாள் லீவு போட்டு, வேற ரெண்டு இடத்துல விசாரிச்சுட்டு வாங்க. சேரணும்னு இல்லை. சும்மா கேட்டுட்டு வாங்க.” போக மூன்று வாரம் ஆயிற்று. ஒரு இடத்தில் வயசைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் உடனே வரச் சொன்னார்கள். இப்போது வாங்குவதைவிட இரண்டாயிரம் ரூபாய் குறைவு. அவர் போகவில்லை.

“அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினாரு சார்” என்றார் மனைவி.

வயிறு முழுசாகச் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. புளிக்குழம்பையும் ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டையும் அவர் இன்னும் விடவில்லை! ஆனால் ஞாயிற்றுக்கிழமை வலி என்று வருவது நின்றுவிட்டது.

காகிதமும் முக்கியம். அனுபவம் இருக்கும், சான்றிதழ் இருக்காது, இதுதான் நம் சிறு பட்டறைக்காரர்களின் குறை. வேலையிலேயே கற்றுக்கொண்டதைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்கள் தொழிலுக்கு அது எங்கே நடக்கிறது என்று அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் விசாரிக்கலாம். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மாறினாலும் மாறாத எண் அது. எந்த வருஷம் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இந்த வேலையும் போச்சுன்னா நாம நடுத்தெருதான்’ என்று சாப்பிடுகிற நேரத்தில் சொல்லாதீர்கள். லோன் தவணை பற்றிப் பேச வேண்டும், பேசத்தான் வேண்டும். காலை காபிக்குப் பிறகு பேசுங்கள். ராத்திரிச் சோற்றோடு அந்தப் பேச்சையும் பிசைந்து உள்ளே அனுப்பினால் எந்தச் சூரணமும் செரிக்க வைக்காது.

மருந்து என்று பார்த்தால், ஒரு ஸ்பூன் சீரகத்தை லேசாக வறுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாக அன்றன்றைக்குக் குடியுங்கள். மதியம் கடைந்த மோர், இரவு தயிர் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். ஆண்கள் புதன், சனி, பெண்கள் செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். அன்று பகல் தூக்கம் ஆகாது. ஆகவே நைட் ஷிஃப்ட் வாரத்தில் எண்ணெய்க் குளியலைத் தள்ளிப் போடுங்கள். குன்மத்துக்கு ஏலாதி சூரணமும், தூக்கமின்மைக்கும் அசதிக்கும் அமுக்கரா சூரணமும் கொடுப்பது வழக்கம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகள், தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அமுக்கராவை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மலம் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, நெஞ்சு இறுக்கம் இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, நீர்க்கடுப்போடு குளிர் ஜுரம் - இதில் எது இருந்தாலும் என்னிடம் வர வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற எண்ணம் அடிக்கடி வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நைட் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை நாலு மணிக்குத் தோன்றினாலும் அப்போதே பேசலாம்.